ஒழுகும் ஜன்னலும் அடைபட்ட துளைகளும்

வானின் ஜன்னல் ஒழுகுகிறது என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றேதான்: "சிலிக்கோன் பூசிவிடுங்கள்." கொழும்பில் கேட்டாலும் அட்டனில் கேட்டாலும், ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசும் பழைய பேராதனைத் தோழனைக் கேட்டாலும் இதே மருந்துதான். ஒரு குழாய் சிலிக்கோன், பத்து நிமிட வேலை, பிறகு நிம்மதி. 2025 ஜூன் மாதத்தில் இந்த மருந்தைப் பற்றிச் சற்று விரிவாக ஆராயும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதை எழுதிவைப்பது வானில் படுத்துறங்கி ஊர் சுற்றும் நண்பர்களுக்குப் பயன்படலாம். கூரைகளின் கீழ் உறங்குகிறவர்களுக்கும் அதில் ஏதேனும் இருக்கலாம்.

முதலில் வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் வைத்த ஜப்பானிய வான்களில் ஒன்று அது. வயது முப்பதை நெருங்குகிறது. 2019ஆம் ஆண்டு நான் அதை வாங்கியபோது அது பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றிருந்தது. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு மாற்றிவிடலாம் என்பது எண்ணம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இலங்கையில் பழைய வாகனம் என்று ஒன்று இருக்கவில்லை. இருக்கிற வாகனம், இல்லாத வாகனம் என்ற இரண்டு வகைதான். கழற்றி எறிய வேண்டியவை எல்லாம் துடைத்துத் திரும்பப் பூட்டப்பட்டன.

அந்த வானை வீடாக்கியது 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசை. டீசலுக்காக இரவு பகலாக வரிசையில் கிடந்த நாட்களில் பின்னாசனங்களைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டிலைப் பொருத்தினேன். வரிசைகள் மறைந்த பிறகும் கட்டில் மறையவில்லை. தோட்டப் பகுதிகளுக்குச் செய்தி சேகரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மக்களோடு ஆறுதலாகப் பேசக்கூடிய நேரம் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான். கொழுந்து நிறுத்து, பிள்ளைகளைப் பார்த்து, அடுப்பை மூட்டிய பின்னர்தான் ஒரு பெண் இஸ்தோப்பில் வந்து உட்காருவாள். பேசி முடியும்போது இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் நோர்வூட்டிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ விடுதி தேடி அட்டனுக்கு இறங்குவதைவிட, தோட்டத்துக் கோயிலருகே வானை நிறுத்திவிட்டு உறங்குவது எளிது. மேற்கு நாடுகளில் இதற்கென்றே அழகழகான வாகனங்கள் உண்டு. என்னுடையதில் பலகை, மெத்தை, சுடுநீர்க் குடுவை, ஒரு கைவிளக்கு. அவ்வளவுதான்.

கொழும்பில் அந்த ஜன்னல் ஒருநாளும் ஒழுகியதில்லை. மலையேறினால் ஒழுகும். இந்தப் புதிர் விளங்க வேண்டுமானால் மலைநாட்டு மழையைத் தெரிந்திருக்க வேண்டும்.

கொழும்பு மழை கோபக்காரனைப் போன்றது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் கினிகத்தேனையைத் தாண்டியவுடன் வேறொரு மழை தொடங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை முதலில் மோதிக் கொட்டுவது இந்தச் சரிவுகளில்தான். வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதே மலைத்தொடரில் இன்னும் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. வட்டவளை, அட்டன் பக்கத்து மழைக்கு அவசரமே கிடையாது. தூறலாகத் தொடங்கி, தூவானமாக மாறி, காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வீசி, இரண்டு நாள் நிற்காமல் பெய்யும். கொட்டும் மழைக்குத் தாக்குப்பிடிக்கும் பொருள்கூட இந்தப் பொறுமைக்காரனிடம் தோற்றுப்போகும்.

ஜூன் மாதத்து இரவொன்றில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வான் நின்றிருந்தது. காலையில் கண்விழித்தபோது மெத்தையின் ஓரம் நனைந்திருந்தது. அது காய்ந்துவிடும். ஜன்னலுக்குக் கீழேயிருந்த தட்டில் மூன்று குறிப்புப் புத்தகங்கள் இருந்தன. அவை காய்ந்தும் பயனில்லை.

அந்தப் புத்தகங்களில் இருந்தவை முதியவர்களின் பேச்சுகள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரை, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இரண்டாகப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள்; 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றபோது போனவர்கள் போயிருந்தார்கள், நின்றவர்கள் நின்றிருந்தார்கள். இந்தக் கணக்கைப் பல நூல்கள் எழுதியிருக்கின்றன. எண்கள் எழுதப்பட்ட அளவுக்கு எழுதப்படாதது, ஒரு காம்பராவுக்குள் அந்தப் பங்கீடு எப்படி நடந்தது என்பது. யார் போவது, யார் நிற்பது, எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுச் செல்வது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதை ஒட்டியவர்கள். அவர்களைத் தேடித்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

பத்திரிகைக்காரர்களில் இன்றும் மைப்பேனா பிடிப்பவர்கள் சிலர் உண்டு. நான் அவர்களில் ஒருவன். நீல மை தண்ணீரோடு சேர்ந்தால் வாக்கியம் எதுவும் மிஞ்சுவதில்லை. பக்கமெங்கும் வானத்து நிறம்தான் மிஞ்சும். அப்படி அழிந்த பக்கங்களில் ஒன்று ஒரு மூதாட்டியுடையது. தமக்கை குடும்பம் இந்தியாவுக்குப் போன நாளில் கட்டிய மூட்டையில் என்னென்ன இருந்தன என்று அவர் வரிசையாகச் சொன்னார்; நான் வரிசையாக எழுதினேன். அம்மியைத் தூக்க முடியாது என்பதால் குழவியை மட்டும் எடுத்துச்சென்றார் அக்கா என்பது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மி தனியாக லயத்துப் பின்புறத்தில் கிடந்ததாம். மற்றப் பொருள்கள் நினைவிலில்லை. மீண்டும் கேட்க வழியுமில்லை. அந்த மூதாட்டி ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார்.

ஒரு ஜன்னலைத் திருத்துவதற்கு இவ்வளவு பீடிகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தப் பக்கம்தான்.

அட்டன் நகரின் ஓரத்தில் வாகனம் திருத்தும் இடமொன்றுக்குப் போனேன். பெரிய பாஸ் வந்து பார்த்தார். ஜன்னலைச் சுற்றிலும் ஏற்கெனவே வெள்ளையாக ஒரு சிலிக்கோன் கோடு இருந்தது. முந்திய சொந்தக்காரர் காலத்தில் எங்கேயோ யாரோ பூசியது. "இது பழசு. மேலால இன்னொன்று அடிச்சு விடுவம்" என்றார் பாஸ். அவருக்கு உதவியாக நின்ற இளைஞனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்க்கணக்கிலிருந்து வருபவன். பாஸ் வேறு வாகனத்துக்குப் போனதும் மெல்லச் சொன்னான்:

"ஐயா, பூசுறதுக்கு முன்னாடி தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்துருவோமுங்க. அவசரமா போகணுமா?"

அவசரமில்லை என்றேன். முப்பது வருடம் செய்தி சேகரித்தவனிடம் 'முதலில் மூலத்தைப் பார்ப்போம்' என்று ஒருவன் சொன்னால் எப்படி மறுப்பது?

அவன் செய்த பரிசோதனையை ஒழுங்காகச் சொல்கிறேன். இதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை மட்டும் போதும். முதலில் ஜன்னலையும் அதைச் சுற்றிய உட்பலகையையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டான். பிறகு பழைய பத்திரிகை கேட்டான். வானில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பு நெடுகிலும் ஒட்டினான். நனைந்தால் தாள் கறுக்கும். எந்த இடம் முதலில் கறுக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் பத்திரிகையை அத்தனை உன்னிப்பாக ஒருவர் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்தது தண்ணீர். குழாயை மேலே பிடித்து அடிக்கக் கூடாது. மேலே அடித்த தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டுதான் இறங்கும். பிறகு எந்த இடத்தைக் குற்றம் சொல்வது? முதலில் ஜன்னலின் அடிப்பகுதியில் மட்டும் மெதுவாக விட வேண்டும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு இரு பக்கங்கள். பிறகு மேல்விளிம்பு. கடைசியாகக் கூரையின் ஓரத்து மடிப்பு. கூரை மடிப்பில் நுழையும் நீர் தூணுக்குள்ளால் இறங்கி ஜன்னல் மூலையில் தலைகாட்டி, ஜன்னல்மேல் பழி போடுவது வழக்கம். இன்னொரு கள்வனும் உண்டு. குளிர் இரவில் மூடிய வானுக்குள் உறங்குகிறவனின் மூச்சே கண்ணாடியில் நீராகப் படிந்து வழியும். மழையே பெய்யாத ஜனவரி இரவில் நுவரெலியாவில் வான் நனைந்தால் அது மூச்சுத்தான். ஈரத்தையெல்லாம் ஒழுக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் பரிசோதனையில் கூரை நிரபராதி. மேல்விளிம்பும் நிரபராதி. அடிப்பகுதியில் தண்ணீர் விட்ட ஐந்தாவது நிமிடத்தில், முன்பக்கத்துக் கீழ்மூலையில் தாள் கறுத்தது. இளைஞன் வானைச் சுற்றிவந்து பார்த்தான். அந்த இடத்தில் நிலம் சற்றுச் சரிவு. வானின் மூக்கு தாழ்ந்திருந்தது. சில்லுக்குக் கல் வைத்துப் பின்பக்கம் தாழும்படி நிறுத்திவிட்டு மீண்டும் தண்ணீர் விட்டான். இப்போது கறுத்தது பின்மூலை. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

இந்த இடத்தில் ஜன்னலின் கட்டமைப்பைச் சொல்லியாக வேண்டும். இழுத்துத் திறக்கும் ஜன்னலில் கண்ணாடி ஓடுவதற்காக அடிச்சட்டத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. கண்ணாடியின் இருபுறமும் வெல்வெட் போன்ற மயிர்ப்பட்டை தடவிக்கொண்டிருக்கும். நகர வேண்டிய கண்ணாடியை நீர் புகாமல் இறுக்கிக் கட்ட முடியாது, இறுக்கினால் நகராது. எனவே இதைச் செய்தவன் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டான்: மழையில் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். வருகிற நீர் அந்த வாய்க்காலில் விழட்டும். வாய்க்காலின் அடியில் வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சிறு துளைகள் வைத்துவிடுவோம். அவற்றால் அது வெளியே போகட்டும். இதுதான் ஏற்பாடு. ஜன்னல் நீரைத் தடுப்பதில்லை. வந்த நீரைக் கௌரவமாக வழியனுப்பிவைக்கிறது.

என் வானில் அந்தத் துளைகளைக் காணவில்லை. வெள்ளைச் சிலிக்கோன் கோடு நேராக அவற்றின் மேல்தான் போயிருந்தது. ஒழுக்கை நிறுத்துவதற்காகப் பூசப்பட்ட மருந்தே வெளிவழியை அடைத்திருந்தது. கொழும்பில் சமதரையில், அரைமணி நேர மழையில், வாய்க்கால் நிரம்புவதற்குள் மழை நின்றுவிடும். தோட்டத்துச் சரிவில், விடிய விடியப் பெய்யும் தூறலில், நீரெல்லாம் தாழ்ந்த மூலைக்கு ஓடி, வாய்க்கால் நிரம்பி, உள்விளிம்பைத் தாண்டித் தட்டின்மேல் இறங்கும். புதிர் அவிழ்ந்தது.

"தண்ணி உள்ள வர்றது தப்பில்லீங்க. போக விடாமப் பண்ணிருக்காங்க, அதான் தப்பு" என்றான் அவன்.

"இதெல்லாம் எங்கே படித்தாய், தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கப்பா கான் வெட்டுனவருங்க."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்தில் 'கான்' என்றால் மழைநீர் ஓடுவதற்குத் தேயிலைச் சரிவில் வெட்டப்படும் வடிகால். சரிவுக்குக் குறுக்காக, மிக இலேசான சாய்வோடு அது போகும். இடையிடையே குழியும் சிறு திட்டும் விட்டிருப்பார்கள். ஓடிவரும் மண் குழியில் படிந்துவிட, தெளிந்த நீர் திட்டைத் தாண்டி அடுத்த குழிக்கு விழும். கடைசியில் எல்லாக் கான்களும் பெரிய கானில் சேர்ந்து ஓடையை அடையும். சாய்வு கூடினால் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். குறைந்தால் தேங்கிச் சரிவை ஊறவைக்கும். அளவுகருவி இல்லாமல் கண்ணாலும் காலாலும் இதை அளந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். கோப்பிக் காலத்திலிருந்து, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து, இன்றுவரை இந்த மலைகளைப் பிடித்துவைத்திருப்பதில் தேயிலை வேருக்குள்ள பங்கு அந்தக் கான்களுக்கும் உண்டு. தேயிலையின் வரலாற்றில் டெய்லரின் பெயர் இருக்கிறது. கான் வெட்டியவன் பெயர் செக்ரோலில் மட்டும்தான் இருந்தது.

திருத்த வேலை அன்று பிற்பகலும் மறுநாளும் நடந்தது. பழைய சிலிக்கோனை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்தான். இரும்புக் கத்தியால் சுரண்டினால் பூச்சில் கீறல் விழும், கீறலில் துரு பிடிக்கும். சிலிக்கோனின் தொல்லை என்னவென்றால், அது இருந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, பெயின்டும் பிடிக்காது. மலிவான சிலிக்கோனில் வரும் வினாகிரி மணம் அதிலிருந்து வெளியேறும் அமிலத்தின் மணம்; வெறும் இரும்பில் பட்டால் அதை அரிக்கவும் செய்யும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் துடைத்துத்தான் அந்த இடம் சுத்தமாயிற்று.

பிறகு கண்ணாடியைக் கழற்றி வாய்க்காலைத் துப்புரவாக்கினான். உள்ளேயிருந்து வந்தவற்றை ஒரு தாளில் வரிசையாக வைத்தான். கறுத்த சேறு, பச்சைப் பாசி, பைனஸ் மரத்தின் ஊசியிலைகள், சுருட்டித் திணித்த டொபித் தாள்கள், ஒரு பென்சில் முனை, பத்துச் சதக் காசு ஒன்று. பாடசாலை வானின் முழு வரலாறும் அங்கே இருந்தது. கடைசியாக, சைக்கிள் கம்பியின் முனையை வளைத்து உள்ளேயிருந்து துளைகளைக் குத்தித் திறந்தான். மூன்றாவது துளை திறந்தபோது தேங்கிக் கிடந்த கறுப்பு நீர் வான் கதவின் வெளிப்புறத்தில் ஒரு கோடாக இறங்கியது. எத்தனை வருட நீரோ!

மயிர்ப்பட்டை உதிர்ந்து வழுக்கையாகியிருந்தது. அது அட்டனில் கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத வாகனப் பொருள் இருந்தால் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஒரு நண்பரிடம் சொல்லி இரவு பஸ்ஸில் அனுப்பச் செய்தேன். புதிய பட்டையை அளவுக்குச் சற்று நீளமாக வெட்டி, முனைகள் ஒன்றையொன்று நெருக்கும்படி பதித்தான். சரியான அளவுக்கு வெட்டினால் காலப்போக்கில் சுருங்கி மூலைகளில் இடைவெளி விழுமாம். சட்டத்தின் கீழ்விளிம்பில் துரு தொடங்கியிருந்த இரண்டு இடங்களை அரத்தாளால் தேய்த்துத் துருத் தடுக்கும் பூச்சுக் கொடுத்தான். சட்டத்துக்கும் வானின் உடம்புக்கும் இடையில் சிலிக்கோனுக்குப் பதிலாகப் பியூட்டைல் நாடா வைத்தான். மாவுபோல மென்மையாகவே இருந்து, வான் குலுங்கும்போது கூடவே அசைந்துகொடுக்கும் பொருள் அது. மலைப்பாதையில் ஓடும் வாகனத்துக்கு இறுகிப்போகும் எதுவும் உதவாது. கண்ணாடி ஓடும் இடத்தில் எண்ணெயோ கிறீஸோ போடவேண்டாம் என்றான். போட்டால் தூசியைப் பிடித்துவைத்து மறுபடியும் சேறாகும்.

கூலி கேட்டபோது பாஸ் முகத்தைப் பார்த்தான். பாஸ் இரண்டு நாள் வேலைக்கு நியாயமான தொகையைச் சொன்னார். சிலிக்கோன் பூசியிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும். அதனால்தான் எல்லோரும் சிலிக்கோன் பூசுகிறார்கள்.

அன்றிரவு அவனைக் கொண்டுபோய் விடுவதற்காக அவன் இருக்கும் லயத்துக்குப் போனேன். அவனுடைய தாய் தேநீர் கொடுத்தார். இஸ்தோப்பில் ஒரு வாளி, அடுப்படியில் ஒரு சட்டி. இரண்டிலும் சொட்டுச் சொட்டாக மழை. நான் மேலே பார்ப்பதைக் கண்ட தாய், "போன வருசம் தார் பூசுனோம் ஐயா. இங்க நின்னுச்சு, பக்கத்துக் காம்பராவுல ஒழுகுது. அவுங்க பூசுனாங்க, திரும்ப எங்களுக்கு வந்திருச்சு" என்றார்.

இதுவும் கட்டமைப்பின் விஷயம்தான். லயத்தில் காம்பராக்கள் பல, கூரை ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் ஒரே தகரக்கூரை ஓடுகிறது. ஓரிடத்தில் தார்த்துணி ஒட்டினால், நீர் தகரத்தின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து அடுத்த ஆணித்துளையில் இறங்கும். ஒரு குடும்பம் தனியாக அந்தக் கூரையைத் திருத்த முடியாது. முழுக் கூரையையும் மாற்ற வேண்டும், மாற்றுவது யார்? தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. எந்தக் கைமாற்றத்திலும் காம்பரா அதில் குடியிருப்பவருக்குச் சொந்தமாகவில்லை. சொந்தமில்லாத கூரைக்கு யார் தகரம் வாங்குவார்? இந்திய உதவியில் கட்டப்பட்ட தனிவீடுகள் உண்டு. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். தனிவீடு கிடைத்தவர் தன் கூரையைத் தானே திருத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். லயத்தில் இருப்பவருக்கு இன்னும் தார்தான்.

கூரையைவிடப் பெரிய கணக்கு மலையுடையது. வட்டவளையில் 1990களில் ரயில் பாதையையே பெயர்த்த மண்சரிவைப் பழைய வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தச் சரிவை நிலைப்படுத்தியதில் முக்கியமான வேலை, மேற்பரப்பு நீருக்கும் நிலத்தடி நீருக்கும் வெளியேறும் வழி செய்து கொடுத்ததுதான். மலையடியில் எவ்வளவு பெரிய சுவர் கட்டினாலும் அதில் நீர் வடியும் துளைகள் வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். எங்கள் வீதியோரச் சுவர்களில் அந்தத் துளைகள் புல்லாலும் மண்ணாலும் அடைபட்டிருப்பதைக் கடந்துபோகிற எவரும் பார்க்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் மலைநாடு முழுவதும் சரிவுகள் அவிழ்ந்தன. அத்தகைய மழையைக் கான் மட்டும் தடுத்திருக்கும் என்று சொல்வது பேதைமை. ஆனால் ஆட்குறைப்பு என்ற பெயரில் கான் துப்புரவு குறைந்த தோட்டங்களை நான் நடந்து பார்த்திருக்கிறேன். குழிகள் மண்ணால் நிரம்பி, திட்டுகள் மறைந்து, மேலே புல் வளர்ந்திருக்கும். பார்வைக்கு அழகான பச்சை. நீருக்குப் போக வழியில்லை.

ஒவ்வொரு அனர்த்தத்துக்குப் பிறகும் நிவாரணம் வருகிறது. படங்கு வருகிறது, தகரம் வருகிறது, அமைச்சர்கள் வருகிறார்கள். நானும் போய் எழுதியிருக்கிறேன். அடைபட்ட கானைத் திறக்கச் சொல்லி எவரும் அறிக்கை விட்டதாக என் கோப்புகளில் இல்லை. மூடுவதைப் படம் பிடிக்கலாம். வடிவதைப் படம் பிடிப்பது கடினம்.

புத்தகங்களைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்றில் இரண்டைக் காயவைத்து, பக்கம் பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பெரும்பகுதியை மீட்டெடுத்தேன். மூதாட்டியின் பக்கத்தில் எனக்கு நினைவிருந்ததை எழுதி, 'நினைவிலிருந்து' என்று மேலே குறித்துவைத்தேன். அதை அவருடைய வார்த்தை என்று எங்கும் போட மாட்டேன். செப்டம்பரில் அவருடைய மகளைச் சந்தித்தபோது அம்மியைப் பற்றிக் கேட்டேன். அது இன்னும் இருக்கிறது. வேறொரு குழவி வாங்கி, அதில்தான் மிளகாய் அரைக்கிறார்கள். மூட்டையில் வேறென்ன இருந்தது என்று அந்த மகளுக்குத் தெரியவில்லை. "அம்மாதான் சொல்லுவாங்க" என்றார்.

டிட்வா வந்த வாரத்தில் வான் நானுஓயாவுக்கு இப்பால் பாதை அடைபட்டு இரண்டு இரவு நின்றது. உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. சைக்கிள் கம்பித் துண்டு இப்போது சாவிக்கொத்தோடு தொங்குகிறது. மாதம் ஒருமுறை துளைகளைக் குத்திப்பார்க்கிறேன், ஒரு நிமிட வேலை.

வான் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சிறு பரிசோதனை சொல்லி முடிக்கிறேன். ஜன்னலைத் திறந்து அடி வாய்க்காலில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வெளியே பாருங்கள். பத்துக்குள் வெளிப்பக்கத்தில் நீர் வழிந்தால் நல்லது. வராவிட்டால் தயவுசெய்து சிலிக்கோன் வாங்கப் போகாதீர்கள். முதலில் ஒரு கம்பியைத் தேடுங்கள்.